பட்டியலின் கடைசிப் பெயர்

வாசகர் கேள்விகளுக்கு சட்டக் கல்லூரி முன்னாள் ஆசிரியை பதில்

கேள்வி: மேடம், மக்களிடம் பெயர் கெட்டுப்போன ஓர் அமெரிக்க அதிபருக்கு உச்ச நீதிமன்ற நீதிபதியை நியமிக்கும் வாய்ப்பு வந்தால், அவர் கட்சியைப் பார்ப்பாரா, வரலாற்றில் தன் பெயர் எப்படி நிற்கும் என்று பார்ப்பாரா?
– சட்ட மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, டார்ட்ஸ் (ஒருவரால் இன்னொருவருக்கு நேரும் தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்டம்) வகுப்பில் பியூக் கார் வழக்கைப் படித்திருப்பீர்கள். சக்கரத்தின் மரக்கால்கள் நொறுங்கி, கார் ஓட்டியவர் தூக்கி எறியப்பட்டார். விற்றது கடைக்காரர், செய்தது கம்பெனி. “எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே கிடையாதே” என்றது கம்பெனி. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு என்று 1916-ல் தீர்ப்பு எழுதியவர் நியூயார்க் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ. அந்தத் தீர்ப்பை வருடா வருடம் வகுப்பில் வரிவரியாக வாசித்துக் காட்டியவள் நான். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும், அவரை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிய அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் நினைவுக்கு வந்தார்.

1932 ஜனவரி 12-ம் தேதி நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 90 வயதில் பதவி விலகினார். அப்போது ஹூவர் என்ற பெயரே வசைச்சொல்லாகிவிட்டிருந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவை மூடின. வீடு இழந்தவர்கள் தகரத்தாலும் அட்டையாலும் குடிசை போட்டு, அந்தக் குடியிருப்புக்கு ‘ஹூவர்வில்’ என்று அதிபரின் பெயரையே வைத்தார்கள். நவம்பரில் தேர்தல். நீதிபதி நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டிய செனட்டில் அவருடைய குடியரசுக் கட்சியின் பலம் நூலிழையில் இருந்தது. போதாததற்கு, 1930-ல் அவர் முன்மொழிந்த ஜான் பார்க்கரை செனட் 41-க்கு 39 என்ற கணக்கில் நிராகரித்திருந்தது. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமும் தொழிற்சங்கங்களும் எதிர்த்து நின்ற நியமனம் அது.

கார்டோசோவோ ஜனநாயகக் கட்சிக்காரர். யூதர், நீதிமன்றத்தில் பிராண்டைஸ் என்ற யூதர் ஏற்கெனவே இருந்தார். நியூயார்க்காரர், அந்த மாநிலத்துக்காரர்களும் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். கட்சிக் கணக்கு, மதக் கணக்கு, வட்டாரக் கணக்கு எதைப் போட்டாலும் அவர் பெயர் விழுந்துவிடும். ஹூவர் தயங்கினார். அவர் கொடுத்த பட்டியலில் கார்டோசோ பெயர் கடைசியில் இருந்ததைப் பார்த்த செனட்டர் வில்லியம் போரா, “பட்டியல் சரிதான், தலைகீழாகக் கொடுத்துவிட்டீர்கள்” என்றாராம். போராவின் மாநிலம் ஐடஹோ. கார்டோசோ நியூயார்க்குக்கு எவ்வளவு சொந்தமோ ஐடஹோவுக்கும் அவ்வளவு சொந்தம் என்று வட்டாரக் கணக்கையும் அவர் உடைத்தார். அந்த இரண்டு நியூயார்க்காரர்களில் ஒருவரான நீதிபதி ஹார்லன் ஸ்டோன், அதுதான் தடை என்றால் நானே விலகிக்கொள்கிறேன் என்றார். தன் நாற்காலியையே கொடுக்க முன்வந்த அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பிப்ரவரி 15-ம் தேதி ஹூவர் பெயரை அனுப்பினார். ஒன்பதே நாளில் செனட் ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

இதற்காக ஹூவரை மகானாக்க மாட்டேன். செனட்டில் பலம் இருந்திருந்தால் வேறு பெயர் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பார்க்கர் தோற்றவுடன் ஓவன் ராபர்ட்ஸ் என்ற தன் கட்சிக்காரரை அனுப்பி, எதிர்ப்பே இல்லாமல் ஒப்புதல் வாங்கியவர் அவர். அந்த வழி 1932-லும் திறந்தே இருந்தது. அதில் போகாமல், பட்டியலைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டார். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

கேள்வி: அதனால் ஹூவருக்கு என்ன கிடைத்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஓட்டாக எதுவும் கிடைக்கவில்லை, அம்மா. நவம்பர் தேர்தலில் அவரை எதிர்த்த ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட், அதிபரைத் தீர்மானிக்கும் தேர்வாளர் வாக்குகளில் 472 வாங்கினார், ஹூவர் வாங்கியது 59. பிறகு ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ என்ற பொருளாதார மீட்புத் திட்டங்களை ஹூவர் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். 1937-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அது செல்லும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதியவர் கார்டோசோ! ஏழைகள் விடுதியில் கிடந்து சாக வேண்டியிருக்குமோ என்று முதியவர்களை வாட்டும் பயத்திலிருந்து காப்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம் என்று அதில் எழுதினார். அடுத்த ஆண்டே காலமானார். உச்ச நீதிமன்றத்தில் இருந்தது ஆறு வருடம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்டோசோவின் அப்பாவும் நியூயார்க்கில் நீதிபதியாக இருந்தவர். ஊழல் குற்றச்சாட்டு எழுந்து 1872-ல் பதவி விலகினார். அப்போது மகனுக்கு 2 வயது. அந்தப் பெயரோடு வளர்ந்த பிள்ளைக்குத்தான் இரண்டு கட்சிக்காரர்களும் எழுந்து நின்று இடம் கொடுத்தார்கள்.

கேள்வி: கட்சி பார்த்துச் செய்தாலே தவறான நியமனம் என்று சொல்லிவிடலாமா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: சொல்ல முடியாது. தேர்தலில் ஜெஃபர்சனிடம் தோற்று, அதிபர் மாளிகையைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருந்த அதிபர் ஜான் ஆடம்ஸ், 1801 ஜனவரியில் தலைமை நீதிபதியாக முன்மொழிந்தது தன் சொந்த வெளியுறவுச் செயலர் ஜான் மார்ஷலை. கட்சி அபிமானம் அப்பட்டமாகத் தெரிந்த நியமனம். ஆனால் அரசியல் சட்டத்துக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பதை 1803-ல் நிலைநாட்டியவர் அதே மார்ஷல். அதே ஆடம்ஸ் கடைசி நாட்களில் புதிதாக உருவான 16 நீதிபதி பதவிகளைத் தன் ஆட்களைக் கொண்டு நிரப்பினார். அடுத்த வருடமே ஜெஃபர்சன் கட்சியினர் அந்தப் பதவிகளையே ஒழித்துவிட்டார்கள். மார்ஷல் 1835-ல் இறக்கும்வரை 34 வருடம் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவரும் முதல் பெயர் இல்லை. ஆடம்ஸ் முதலில் நியமித்தது முன்னாள் தலைமை நீதிபதி ஜான் ஜேயை. அவர் வேண்டாம் என்று எழுதிய கடிதத்தோடு ஆடம்ஸ் முன்னால் நின்றவர் மார்ஷல். இனி யாரைப் போடுவது என்று யோசித்த ஆடம்ஸ், “உம்மைத்தான் முன்மொழிய வேண்டும் போலிருக்கிறது” என்றாராம்.