வாசகர் கேள்வி - பதில்: ஏறின இடம், இறங்கின இடம்

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து தினமும் காரைக்குடிக்குப் பேருந்தில் போகிறேன். வண்டியில் ஜிபிஎஸ் இருந்து, கார்டோ மெஷின் டிக்கெட்டோ இருந்தால், எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று கணக்கெடுத்துவிடலாம்தானே? — வாசகி, பள்ளத்தூர்

பதில்: எடுக்கலாம். கார்டு தட்டிய பதிவில் வண்டி எண்ணும் நேரமும் இருக்கும். ஜிபிஎஸ் பதிவில் அதே எண், நேரத்தோடு இடமும் இருக்கும். எண்ணையும் நேரத்தையும் பிடித்து இரண்டையும் கோத்தால் ஏறிய நிறுத்தம் கிடைக்கும். சிக்கல் வருவதும் இந்த இரண்டில்தான்.

முதலில் எண். வண்டி பிரேக்டவுன் ஆகி ஸ்பேர் வண்டி போகும். நடத்துநர் கையிலுள்ள மெஷினில் காலையில் பதிந்த பழைய எண்ணே இருக்கும். பணிமனையில் நிற்கும் வண்டியில் 40 டிக்கெட் விற்றதாகக் கணக்கு வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது கடிகாரம். பல ஜிபிஎஸ் கருவிகள் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். அதைக் கூட்டிய பிறகும் மெஷின் கடிகாரம் 2 நிமிடம் முந்தி ஓடினால் போதும்: 40 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 1.3 கி.மீ. போயிருக்கும், கோட்டையூரில் ஏறியவர் அடுத்த நிறுத்தத்தின் கணக்கில் விழுவார். கதவருகே கார்டு தட்டும் வண்டி என்றால் இதைத் திருத்த நல்ல வழி உண்டு. ஆட்கள் தட்டுவது வண்டி நிற்கும்போதுதான். ஆகவே ஒரு நாள் பதிவு முழுவதையும் 10 விநாடி 10 விநாடியாக முன்னும் பின்னும் 5 நிமிடம் வரை நகர்த்திப் பாருங்கள். எந்த இடைவெளியில் மிக அதிகமான தட்டல்கள் வண்டி நின்ற நேரத்தில் விழுகின்றனவோ, அதுதான் கடிகாரப் பிழை.

நடத்துநர் நடந்து வந்து டிக்கெட் கொடுக்கும் வண்டியில் இது பலிக்காது; வண்டி கிளம்பிய பிறகுதானே டிக்கெட் அடிப்பார். அங்கே டிக்கெட்டில் உள்ள ஸ்டேஜையே (கட்டணம் கணக்கிடும் நிறுத்தத்தையே) நம்புங்கள், ஜிபிஎஸ்ஸைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜை மாற்ற மறந்த இடங்கள் அப்போது தெரிந்துவிடும்.

பேருந்து நிலையம் தனித் தலைவலி. வண்டி கால் மணி நேரம் நிற்கும்போது ஏறியவர்கள், நடத்துநர் மெஷினில் முந்தைய டிரிப்பை முடிக்காததால் அதிலேயே சேர்ந்துவிடுவார்கள். வண்டி நிலையத்துக்குள் நுழைந்த நேரத்தை ஜிபிஎஸ்ஸில் பார்த்து, அதற்குப் பிந்தியவற்றை அடுத்த டிரிப்பில் போடுங்கள்.

கேள்வி: இறங்கும்போது கார்டு தட்டுவதில்லையே, இறங்கிய இடம் எப்படித் தெரியும்? — வாசகர், தேவகோட்டை

பதில்: சியோலில் 2004 முதல் தூரத்துக்கேற்ற கட்டணம் என்பதால் இறங்கும்போதும் தட்டுகிறார்கள். லண்டன் பேருந்தில் ஏறும்போது மட்டும். அங்கெல்லாம் அடுத்த பயணத்தை வைத்து ஊகிப்பார்கள்: காலையில் பள்ளத்தூரில் ஏறியவர் மாலையில் காரைக்குடி நிலையத்தில் ஏறினால், காலையில் இறங்கியது அந்த நிலையத்துக்குப் பக்கத்து நிறுத்தம். இறங்கிய நிறுத்தத்திலிருந்து அடுத்து ஏறிய இடத்துக்கு நடக்கும் தூரம் சுமார் 750 மீட்டருக்கு மேல் போனால் ஊகத்தைக் கைவிட வேண்டும். நாளின் கடைசிப் பயணத்துக்கு, அன்று முதலில் ஏறிய இடத்தையே இறங்கிய இடமாக வைப்பார்கள். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் போனவருக்கும் அன்று ஒரே தடவை ஏறியவருக்கும் இது உதவாது. அந்த இடங்களைக் காலியாக விடுங்கள், இட்டு நிரப்பாதீர்கள்.

நம் ஊருக்கு இன்னொன்று முக்கியம். சாதாரண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை. கார்டு தட்டல்களை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு நேர அட்டவணை போடுவது பெரிய தவறு. கட்டணமில்லா டிக்கெட்டையும் சரியான ஸ்டேஜில் அடிக்கச் சொல்லி நடத்துநர்களிடம் வற்புறுத்த வேண்டும். காசு வராத டிக்கெட் என்பதால் அங்கேதான் கவனம் தளரும்.

கேள்வி: நான் எங்கே போகிறேன் என்பதை யாரும் பார்த்துவிட மாட்டார்களா? — வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கார்டு எண்ணை வேறு குறியீடாக மாற்றித்தான் ஆய்வுக்குத் தர வேண்டும், ரகசியச் சொல் ஒன்றைச் சேர்க்காமல் மாற்றினால், எல்லா எண்களையும் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். சிற்றூர்களில் அதுவும் போதாது. விடியற்காலை முதல் வண்டிக்கு ஒரு நிறுத்தத்தில் ஒருவர்தான் ஏறுகிறார் என்றால், அது யார் என்று ஊருக்கே தெரியும். அதனால் 10 பேருக்குக் குறைவான எண்ணிக்கையைத் தனியாக வெளியிடாமல் பக்கத்து நிறுத்தத்தோடு கூட்டித் தர வேண்டும்.