இந்தியாவைக் கடக்கும் தேனிலவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தை பிறக்கப் போகிறது. நாள் குறித்துவிட்ட சோடிகளிடமிருந்து வந்த கேள்விகளே இம்முறை அதிகம். எல்லோரும் இந்தியாவைத்தான் கேட்டிருக்கிறார்கள், அதுவும் முழு இந்தியாவை.

"தைக் கடைசியில் எங்களுக்குக் கலியாணம். பதினாறு நாள் லீவு. கன்னியாகுமரியில் தொடங்கி ஆலப்புழை, கோவா, மும்பை, ஜெய்ப்பூர், ஆக்ரா, டில்லி, காஷ்மீர் பார்த்து டார்ஜிலிங்கில் முடிக்க நினைக்கிறோம். எல்லாம் ரயிலில். சரி வருமா?" (உவர்மலை)

சரி வராது, தம்பி. ரயிலில் இருந்துதான் இந்தியாவைப் பார்ப்பீர்கள்.

இலங்கையைப் போல ஐம்பது மடங்கு பெரிய நாடு அது. இங்கே திருகோணமலையில் இரவு ரயில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தோடு இந்திய வரைபடத்தைப் பார்த்தால் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோலத் தோன்றும். சென்னையிலிருந்து புதுடில்லிக்கு மட்டும் ஏறக்குறைய 2,180 கிலோமீற்றர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் இடையில் ஒரு முழுப் பகலும் போகும். கன்னியாகுமரிக்கும் அசாமில் உள்ள திப்ருகருக்கும் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸின் பாதை 4,000 கிலோமீற்றருக்கு மேல், மூன்று இரவுகளைத் தாண்டும் பயணம். நீங்கள் எழுதிய பட்டியலை அப்படியே செய்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்டி கட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கலியாணம், நாலாம் சடங்கு, சொந்தக்காரர் வீட்டு விருந்துகள் எல்லாம் முடித்துவிட்டுத்தான் புறப்படப் போகிறீர்கள். இருவருக்கும் நித்திரை இல்லை. இருவரும் தனியாக இருந்து ஆறுதலாகக் கதைத்திருக்கவும் மாட்டீர்கள். அதற்குத்தானே இந்தப் பயணம்? ஆகவே வரைபடத்தில் ஒரே ஒரு கோடு போடுங்கள். ஒரு முனையால் உள்ளே போய் மறு முனையால் வெளியே வாருங்கள். திரும்பி வருவதற்கென்று ஒரு நாளும் வீணாகாது.

உங்களுக்கு நான் போடுகிற கோடு இது. கொழும்பிலிருந்து கொச்சிக்கு விமானம். ஆலப்புழையில் மூன்று இரவு, அதில் ஒன்று படகு வீட்டில். பிறகு எர்ணாகுளத்தில் ரயில் ஏறிக் கோவாவின் மட்காவ் நிலையத்தில் இறங்குங்கள். மங்களூருக்கும் மட்காவுக்கும் இடைப்பட்ட பகுதியைப் பகலில் கடக்கிற வண்டியாகப் பார்த்துப் பிடியுங்கள், வேண்டுமானால் மங்களூரில் ஓர் இரவு தங்கியாவது. 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் பாதை அது. ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறு பக்கம் கடலோடு சேரும் ஆறுகள். ஹொன்னாவரில் சராவதி ஆற்றுப் பாலம் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நீளம். எங்கள் கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் என்பதை நினைத்துக்கொண்டு யன்னலோரம் இருங்கள். வடக்கே போகும்போது கடல் இடப் பக்கம் வரும்.

கோவாவில் நான்கு இரவு. அங்கிருந்து ஜெய்ப்பூருக்கு விமானம். நேரே கிடைக்காவிட்டால் மும்பையில் மாறலாம். இந்த ஒரு துண்டுக்கு விமானக் காசைப் பார்க்காதீர்கள், ஒன்றரை நாளை மிச்சம் பிடிக்கிறது. ஜெய்ப்பூரில் மூன்று இரவு. பிறகு சாரதியோடு ஒரு கார் பிடித்து, வழியில் ஃபத்தேபூர் சிக்ரியைப் பார்த்துவிட்டு ஆக்ரா. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதை முதலில் நாட்காட்டியில் குறியுங்கள். ஆக்ராவிலிருந்து டில்லிக்குக் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய நூறு நிமிடத்தில் போகும். டில்லியில் இரண்டு இரவு, அங்கிருந்து நேரே கொழும்பு. மாசி மாதத்தில் இந்தக் கோடு முழுவதும் காலநிலை நன்றாக இருக்கும். மார்கழியிலும் தை முற்பகுதியிலும் வட இந்தியாவில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், நீங்கள் போகும்போது அது பெரும்பாலும் கலைந்திருக்கும்.

மிஞ்சுகிற இரண்டு மூன்று நாளை நிரப்பாதீர்கள். பிடித்த ஊரில் கூட ஒரு நாள் நிற்பதற்கு அவை வேண்டும். காஷ்மீரும் டார்ஜிலிங்கும் இன்னொரு லீவுக்கு இருக்கட்டும்.

"என் கடவுச்சீட்டில் இன்னும் அப்பாவின் பெயர்தான். கலியாணத்துக்குப் பிறகு அவருடைய பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் போக வேண்டுமா?" (நிலாவெளி)

வேண்டாம், தங்கச்சி. கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ, விசாவிலும் விமான ரிக்கற்றிலும் ரயில் ரிக்கற்றிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அவ்வளவுதான். பெயர் மாற்றத்தை வந்து ஆறுதலாகச் செய்யலாம். விவாகப் பதிவுச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கையில் வையுங்கள், சில தங்குமிடங்களில் கேட்பார்கள்.

விசாவுக்கு இந்திய அரசின் இணையத்தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதே மாதிரித் தோற்றத்தில் தனியார் தளங்கள் கூடுதல் காசு வாங்குகின்றன, முகவரியைக் கவனியுங்கள். 30 நாள் இணைய விசாவுக்குப் போகும் நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். அந்த நாட்கள் கலியாண அமளியில் வரும் என்பதால் பொறுப்பை இப்போதே ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும்.

"ரயிலில் எங்கள் இருவருக்கும் மட்டும் தனி அறை எடுக்கலாமா? எந்த வகுப்பு நல்லது?" (பாலையூற்று)

முதல் வகுப்பு ஏசியில் இரண்டு வகை அறைகள் உண்டு. நான்கு பேர் படுப்பது ஒன்று. இரண்டு பேர் மட்டும் படுப்பது மற்றது, அதைக் கூப்பே என்பார்கள். கதவைப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூப்பேயைத் தெரிந்தெடுத்து வாங்க முடியாது. ரிக்கற்றில் இடம் உறுதி என்று மட்டும் இருக்கும். எந்த அறை என்பது வண்டி புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு பயணிகள் பட்டியல் போடும்போதுதான் தெரியவரும். இருவராகப் பதிந்தவர்களுக்குக் கூப்பே விழ வாய்ப்பு உண்டு, உறுதி இல்லை.

அதனால் நான் பெரும்பாலும் சொல்வது இரண்டாம் வகுப்பு ஏசி. அதில் நடைபாதை ஓரமாக மேலும் கீழுமாக இரண்டே படுக்கை இருக்கும். அந்த இரண்டையும் கேட்டு எடுங்கள். திரையை இழுத்துவிட்டால் அந்த யன்னல் உங்கள் இருவருக்கும்தான். விரிப்பும் தலையணையும் போர்வையும் தருவார்கள். ஆறடிக்கு மேல் உயரமானவர் என்றால் மட்டும் கால் கொஞ்சம் இடிக்கும்.

பதிவு விடயத்தில் அசட்டையாக இருக்க வேண்டாம். பொதுப் பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். 2024 நவம்பர் வரை அது 120 நாளாக இருந்தது, பழைய தகவலை நம்பி ஏமாறாதீர்கள். வெளிநாட்டவருக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதில் 365 நாளுக்கு முன்பே எடுக்கலாம், கட்டணம் சற்றுக் கூட. தட்கல் எனப்படும் கடைசி நேரப் பதிவை நம்பித் திட்டம் போடவே கூடாது. 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் அதற்கு இந்தியரின் அடையாள எண்ணான ஆதாரைக் கேட்கிறார்கள், எங்களிடம் அது இல்லை. காத்திருப்புப் பட்டியலில் உள்ள இணைய ரிக்கற், பட்டியல் போட்ட பிறகும் உறுதியாகாவிட்டால் தானாகவே ரத்தாகிவிடும். டில்லியில் வந்து மாட்டிக்கொண்டால் புதுடில்லி நிலையத்தின் முதல் மாடியில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான அலுவலகம் இருக்கிறது. கடவுச்சீட்டோடு அங்கே போங்கள், வெளியில் நின்று கூப்பிடும் தரகர்களோடு போகாதீர்கள்.

"ஜூன் மாதத்தில்தான் எங்கள் திருமணம். அந்தக் காலத்தில் இந்தியா போகலாமா? ஹலால் சாப்பாடும் கிடைக்க வேண்டும்." (கிண்ணியா)

ஜூனில் சமவெளிகளை விட்டுவிடுங்கள். ஆக்ராவும் ராஜஸ்தானும் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கும். கேரளத்தில் ஜூன் தொடக்கத்திலேயே மழை பிடித்துவிடும், பிறகு மும்பைக்கு ஏறும். அந்த மழை அதிகம் எட்டாத இடம் லடாக். இமயமலை அதை மறித்துவிடுகிறது. டில்லியிலிருந்து லே நகருக்கு விமானத்தில் போகலாம். கடைத்தெருவின் நடுவிலேயே பழைய ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது, ஹலால் உணவுக்கும் கஷ்டம் இல்லை.

உயரத்தை மட்டும் இலேசாக எடுக்காதீர்கள். எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2,524 மீற்றர். லே நகரமே 3,500 மீற்றரில் இருக்கிறது. கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இறங்கிய முதல் இரண்டு நாளும் அறையிலும் முற்றத்திலுமாக ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். புறப்படுமுன் வைத்தியரிடம் ஒரு தடவை காட்டுங்கள். தலையிடியும் சத்தியும் கூடினால் படத்துக்காகப் பொறுத்துக்கொண்டிருக்காமல் கீழே இறங்க வேண்டும். பாங்கொங் ஏரிக்கும் நுப்ரா பள்ளத்தாக்குக்கும் வெளிநாட்டவருக்கு அனுமதிப் பத்திரம் தேவை. லேயில் உள்ள பதிவுபெற்ற முகவர்கள் எடுத்துத் தருவார்கள்.

காஷ்மீரையும் பலர் கேட்கிறார்கள். 2025 ஏப்ரலில் பகல்காமில் சுற்றுலாப் பயணிகள் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு, முதல் பயணமாகப் போகும் புதுச் சோடிகளுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

"மாமி, தேனிலவோடு காசிக்கும் போய்வரச் சொல்கிறா. இவருக்கு விருப்பமில்லை. என்ன செய்ய?" (சாம்பல்தீவு)

போய்வாருங்கள், பிள்ளை. மாமிக்காக மட்டும் சொல்லவில்லை. புதுடில்லியிலிருந்து வந்தே பாரத் ரயிலில் எட்டு மணி நேரம்தான், இருந்தபடியே போகலாம். இரண்டு இரவு போதும். மாலையில் தசாசுவமேதப் படித்துறையில் கங்கை ஆரத்தி. மறுநாள் விடியமுன் படகு எடுத்து ஆற்றின் நடுவுக்குப் போங்கள், சூரியன் எதிர்க்கரையில் எழும்பும். அந்தக் காலை ஒன்றுக்காகவே உங்கள் அவர் மனம் மாறுவார் என்று நினைக்கிறேன். கேதார் படித்துறைப் பக்கம் குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய மடம் இருக்கிறது, அந்த ஒழுங்கைகளில் தமிழும் காதில் விழும். காசியைப் பயணத்தின் கடைசியில் வையுங்கள். தொடக்கத்தில் வைத்தால் அது மாமியின் பயணமாகிவிடும்.

"சுற்றுலா இடங்களில் வெளிநாட்டவருக்கு அதிகக் கட்டணமாமே?" (மூதூர்)

மேற்கத்தியர் அளவுக்கு எங்களுக்கு இல்லை. இந்தியத் தொல்லியல் துறையின் பெரும்பாலான சின்னங்களில் இலங்கையும் சேர்ந்த சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணமே. தாஜ்மகாலில் இந்தியரைவிடக் கூட, மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. கடவுச்சீட்டைக் காட்டி "சிறிலங்கா" என்று நீங்களாகச் சொல்ல வேண்டும். பேசாமல் நின்றால் கூடிய விலை ரிக்கற்றையே நீட்டுவார்கள்.

"தாலிக்கொடியைப் போட்டுக்கொண்டு போகலாமா?" (தம்பலகாமம்)

வேண்டாம். வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். மெல்லிய சங்கிலி ஒன்று போதும், அதையும் ரயிலில் யன்னலோரம் படுக்கும்போது உடுப்புக்குள் விட்டுக்கொள்ளுங்கள்.