காய்ச்சலும் காந்தத் துகளும்: சேலத்து நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

டெங்கு, கொரோனா போன்ற வைரஸ் தொற்றுகளைக் காந்த நானோ துகள்களைக் கொண்டு சீக்கிரம் கண்டுபிடிப்பது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. நான் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இந்தத் துகள்களோடு வேலை செய்பவள், மருத்துவர் அல்ல. சிகிச்சை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு.

அம்மாபேட்டை, ஒரு தாய்: பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சலுங்க மேடம். ரெண்டாம் நாள் எடுத்த கார்டு டெஸ்ட்ல டெங்கு இல்லைன்னு வந்துச்சு. இந்தக் காந்த டெஸ்ட் சேலத்துல எங்க எடுக்கலாங்க?

இதற்காகக் காத்திருக்காதீர்கள் அம்மா. டெங்குவுக்கான காந்த சென்சார்கள் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கின்றன. பக்கத்து லேபில் கேட்டு எடுக்கிற நிலை வரவில்லை. கார்டில் 'இல்லை' என்று வந்ததால் டெங்கு இல்லை என்றும் ஆகாது. என்எஸ்-1 என்ற வைரஸ் புரதம் முதல் நான்கைந்து நாள் ரத்தத்தில் இருக்கும், ஆனால் கார்டு அதைத் தவறவிடலாம். முன்பே ஒரு முறை டெங்கு வந்தவர்களுக்கு இது இன்னும் அதிகம் நடக்கும். ஐந்தாம் நாள் வாக்கில், வைரஸை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி தெரிய ஆரம்பிக்கும். இன்றே டாக்டரிடம் காட்டி, எலிசா (கார்டைவிட நுணுக்கமாக லேபில் செய்யும் ரத்தப் பரிசோதனை) முறையில் மறுபடி பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எலிசா செய்வார்கள்.

காய்ச்சல் குறைகிற நேரம்தான் டெங்குவில் அதிகக் கவனம் தேவைப்படும் நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், குழந்தை சோர்ந்து போவது, சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் வேண்டாம்.

ஓமலூர், கல்லூரி மாணவர்: காந்தத்துக்கும் வைரஸுக்கும் என்ன சம்பந்தம் அக்கா? வைரஸ் காந்தத்துல ஒட்டாதே?

ஒட்டாது தம்பி. அதனால்தான் இந்த முறையே வேலை செய்கிறது. ரத்தத்திலும் சளியிலும் காந்தத்துக்கு இழுபடுகிற பொருள் ஏறக்குறைய இல்லை. நாம் போடுகிற துகள் மட்டும்தான் இழுபடும். அந்தத் துகளின் மேல் வைரஸைப் பிடிக்கிற ஆன்டிபாடியைப் பூசிவிட்டால், காந்தத்தோடு வைரஸும் வரும்.

துகள் இரும்பு ஆக்சைடால் ஆனது, பத்து, இருபது நானோமீட்டர் அளவுக்குச் சின்னது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். டெங்கு வைரஸ் சுமார் 50 நானோமீட்டர், கொரோனா வைரஸ் சுமார் 100. இந்த அளவுக்குச் சிறிதானால் இரும்பு ஆக்சைடுக்கு ஒரு விசேஷ குணம் வந்துவிடும்: வெளியே காந்தம் இருக்கும்வரை வலுவாக இழுபடும், எடுத்ததும் காந்தத்தன்மையை விட்டுவிடும். இந்தக் குணம் இல்லாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், டெஸ்ட் கெட்டுப்போகும்.

பழைய இரும்பு பொறுக்குபவர்கள் கயிற்றில் காந்தத்தைக் கட்டி ரோட்டோரம் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பாய். மண், குப்பை எல்லாம் கிடக்க, ஆணி மட்டும் வந்து ஒட்டும். சோதனைக் குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைக்கும்போது நடப்பதும் அதுதான். துகளும் அது பிடித்த வைரஸும் சுவரோரம் ஒதுங்கும், மற்றதை ஊற்றிவிடலாம். ஒரு மில்லிலிட்டரில் சிதறிக் கிடந்ததை ஒரு சொட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். காந்தம் தரும் பெரிய உதவி இந்தச் சேகரிப்புதான் என்பது என் கருத்து. பலரும் சென்சாரைப் பற்றியே பேசுகிறார்கள். மாதிரி சுத்தமாகவும் செறிவாகவும் வந்துவிட்டால் சாதாரண சென்சார்கூட நன்றாக வேலை செய்யும்.

அளப்பதற்கு ஒரு வழி ஹார்ட் டிஸ்கிலிருந்து வந்தது. மெல்லிய உலோக அடுக்குகளின் மின்தடை காந்தப்புலத்தால் பெரிதாக மாறுவதை 1988-ல் ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே கண்டார்கள். 2007-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அடுக்கின் மேல் ஆன்டிபாடி பூசி, வைரஸைப் பிடித்த துகள் வந்து உட்கார்ந்தால் மின்தடை மாறும். துகளின் புலம் தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைவதால், மேலே மிதக்கிற துகள் கணக்கில் பெரும்பாலும் வராது, ஒட்டியது மட்டும்தான் வரும். கழுவுகிற வேலையும் குறைகிறது. இந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சிதான்.

கஞ்சமலை அடிவாரம், ஓய்வுபெற்ற தொழிலாளி: எங்க மலையில இருக்கிற இரும்புக்கல்லுல இருந்து இதைச் செய்ய முடியுங்களா?

கனிமம் அதேதான் ஐயா. கஞ்சமலைக் கல்லில் இருக்கும் மேக்னடைட்டும் நாங்கள் குடுவையில் செய்வதும் ஒரே இரும்பு ஆக்சைடு. ஆனால் கல்லை எவ்வளவு அரைத்தாலும் ஒரே அளவுத் துகள் கிடைக்காது. இரண்டு வகை இரும்பு உப்பை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் நீரில் கரைத்து, அமோனியா சேர்த்தால் கறுப்பாக வீழ்படியும். காற்று படாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பாகிவிடும். இன்னொருவர் ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக்கல்லைப் பற்றிக் கேட்டிருந்தார். அது மெக்னீசியம் கார்பனேட், காந்தத்தில் ஒட்டாது.

ஆத்தூர், லேப் டெக்னீஷியன்: கார்டு டெஸ்ட்டே பதினஞ்சு நிமிஷத்துல வருதுங்க. இதுல என்ன புதுசு?

கார்டில் தெரிகிற கோடு பெரும்பாலும் தங்க நானோ துகள். காகிதத்தின் மேல்பரப்பில் இருக்கிற நிறத்தைத்தான் கண் பார்க்கிறது, உள்ளே ஆழத்தில் பிடிபட்டது தெரியாது. தங்கத்துக்குப் பதில் காந்தத் துகளைப் போட்டு, அதன் காந்தத்தைக் கம்பிச் சுருளால் அளந்தால் முழு ஆழமும் கணக்கில் வரும். ரத்தத்தின் சிவப்பும் குறுக்கிடாது. மங்கலான கோட்டைப் பார்த்து 'இருக்கா, இல்லையா' என்று குழம்பியது உங்களுக்குத் தெரியும், காந்த முறையில் அங்கே ஓர் எண் கிடைக்கும்.

காந்தத் துகள் உங்கள் துறைக்குப் புதிதும் அல்ல. தைராய்டு டெஸ்ட் செய்யும் பல தானியங்கி இயந்திரங்களுக்குள் அதே வேலைதான் நடக்கிறது, துகள் சற்றுப் பெரியது. கொரோனா காலத்தில் பிசிஆர் டெஸ்ட்டுக்கு வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்கவும் இது பெரிதும் பயன்பட்டது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் 2020-ல் சித்ரா மேக்னா என்ற காந்த நானோ துகள் கிட்டையே உருவாக்கியது.

கொண்டலாம்பட்டி: கல்யாண மண்டபத்துல முகாம் போட்டு, கையில ஒரு கம்பியைப் புடிக்கச் சொல்லி 'காந்த அலையில எல்லா வைரஸும் தெரியும்'னாங்க. நம்பலாங்களா?

நம்பாதீர்கள். ரத்தமோ சளியோ எடுக்காமல், ஆன்டிபாடியோ மரபணுத் துணுக்கோ இல்லாமல், எந்தக் காந்தமும் வைரஸைக் காட்டாது. அந்தப் பணத்தை டாக்டருக்குக் கொடுங்கள்.

சூரமங்கலம்: இந்தத் துகள் உடம்புக்குள்ள போயிடுமா?

போகாது. எல்லாம் குழாய்க்குள் நடக்கிறது.

ஏற்காடு, கிராமச் சுகாதாரச் செவிலியர்: எஸ்டேட்ல காய்ச்சல்னா இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் ரத்தம் அனுப்பறோம். மலையிலயே இதைச் செய்ய வழி வருங்களா மேடம்?

இந்தத் தொழில்நுட்பம் முதலில் உங்களைப் போன்றவர்கள் கைக்குத்தான் வர வேண்டும். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் இல்லாமல், கரண்ட் போனாலும், ஒரு காந்தத்தால் பிரிக்கலாம். அளக்கிற கருவி பேட்டரியில் ஓடும். சிக்கல் ஆன்டிபாடியில் இருக்கிறது. வெயிலில் ஏறி வருகிற பெட்டிக்குள் அது கெட்டால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நோய் உள்ள நூறு பேரில் 99 பேரைக் கண்டுபிடிக்கும், இல்லாத நூறு பேரில் 98 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொல்லும் ஒரு டெஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கே நோய் இருக்கும் காலத்தில், அந்தப் பத்துப் பேரும் சிக்குவார்கள், நோயில்லாத சுமார் இருபது பேரும் சிக்குவார்கள். 'பாசிட்டிவ்' என்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு தவறு. அதே டெஸ்ட் ஆயிரத்தில் 300 பேருக்கு டெங்கு இருக்கும் மழைக்காலத்தில் 297 பேரைப் பிடித்து, பதினான்கு பேரை மட்டும் தவறாகச் சொல்லும். அதனால் காய்ச்சல் இல்லாதவர்களுக்கு வரிசையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

யாராவது கருவி கொண்டுவந்து காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சரிபார்த்ததா? அது நம் ஊர் நோயாளிகளின் மாதிரியில் நடந்ததா? பெட்டியை எத்தனை டிகிரியில், எத்தனை மாதம் வைக்கலாம்? பதிலை எழுத்தில் வாங்கி உங்கள் மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். அதுவரை ரத்தக் குழாயில் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று எழுதி அனுப்புங்கள். என்எஸ்-1 பார்ப்பதா, ஐஜிஎம் பார்ப்பதா என்று கீழே இருக்கிற லேப் அதை வைத்துத்தான் முடிவு செய்யும்.