அவுரி விதைக்கு முன்பணம் கொடுக்கலாமா?

சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் மகளிர் குழுவுக்குப் பொதுவாக 10 சென்ட் தோட்டம் இருக்கிறது. அதில் பருத்தியும் அவுரியும் போட்டு, நாங்களே நூற்று, நீலச் சாயம் ஏற்றித் துண்டு நெய்ய நினைக்கிறோம். விதை தருவதாகவும் விளைந்த இலையைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்க வேண்டாம், அம்மா. அவர் எந்த அவுரியைச் சொல்கிறார் என்பதை முதலில் கேளுங்கள். தென்மாவட்டச் சந்தையில் அவுரி என்றால் பெரும்பாலும் நிலாவாரையைத்தான் குறிக்கிறார்கள். பேதி மருந்துக்காகத் தூத்துக்குடி வழியே கப்பலேறும் அந்தச் செடிக்கு வெளிநாட்டில் 'டின்னவெல்லி சென்னா' என்று நம் திருநெல்வேலியின் பெயரே வழங்குகிறது. அதன் இலையை எத்தனை நாள் ஊறவைத்தாலும் நீலம் இறங்காது. உங்களுக்கு வேண்டியது நீலி என்ற பழைய பெயருள்ள சாய அவுரி. ஓர் அலுவலகத்தில் அவுரி விதை கேட்டு, நானே நிலாவாரைப் பொட்டலத்தோடு திரும்பியிருக்கிறேன். இரண்டு செடிக்கும் ஒரே பெயரை எழுதி வைத்துக்கொண்டு, கேட்டு வருகிறவரிடம் "எதற்கு?" என்று ஒரு வார்த்தை விசாரிக்காத இந்த நிலை இன்னும் எத்தனை ஆண்டு நீடிக்கும்?

விதைக்காரரிடம் காய்த்த செடி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நிலாவாரையின் பூ மஞ்சள், காய் தட்டை; சாய அவுரிக்குப் பூ இளஞ்சிவப்பு, காய் ஊசிபோல மெலிந்து உருண்டிருக்கும். ஆனால் பூவின் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், ஏனெனில் தரிசில் தானே முளைக்கும் கொழுஞ்சிக்கும் ஏறக்குறைய அதே நிறப் பூதான், இலையடுக்கும் அப்படியே இருக்கும். கொழுஞ்சியின் சிற்றிலையை நுனியைப் பிடித்து இழுத்தால் அம்புமுனைபோல இரண்டு பக்கமும் சரிந்து கிழியும். அதன் காயும் தட்டையானது. இதற்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால், ஒரு கண்ணாடிப் புட்டியில் பச்சை இலையை அமுக்கி, தண்ணீர் ஊற்றி, ஓர் இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் வடித்த நீரில் சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்து நன்றாகக் குலுக்குங்கள். சாய அவுரியாக இருந்தால் பச்சை கலந்த மஞ்சளாயிருந்த நீரில் நீல நுரை எழும்பும்.

விளைந்த இலையை அவர் எடுத்துக்கொள்வார் என்பதையும் நம்ப வேண்டாம். அறுத்த இலையை அன்றைக்கே ஊறப்போட்டால்தான் நல்ல சாயம் கிடைக்கும். 100 கிலோ பச்சை இலைக்கு அரைக் கிலோ நீலம் தேறினாலே அதிகம். அதனால் இலை ஊறவைக்கும் தொட்டி உங்கள் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

பருத்திக்குக் கருங்கண்ணி போதும். அது கரிசலில் மானாவாரியாகப் பழகிய இனம் என்பதால், ஆற்றோர மண்ணில் தண்ணீர் தேங்காத மேட்டில் போடுங்கள். 15 கிலோ பருத்தி எடுத்தாலும் கொட்டை போகப் பஞ்சு 5 கிலோதான் நிற்கும், அந்தச் சிறு அளவுக்காக ஜின்னிங் மில்லை ஓட்டமாட்டார்கள் என்பதால் கையாலேயே கொட்டை நீக்க வேண்டியிருக்கும்.

அவுரி விதையின் தோல் கடினமானது. மணலோடு சேர்த்துத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து விதையுங்கள். பத்துச் செடியை அறுக்காமல் நெற்றாக விட்டால் அடுத்த ஆண்டு யாரிடமும் விதை கேட்கவேண்டியதில்லை.