பவளத்தை மூடும் பாசி: சாறு எடுப்பதா, காயவைப்பதா?

கேள்வி: குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் படர்ந்திருக்கும் கப்பாபைகஸ் பாசியை அகற்றினால் உரமாகப் பயன்படுத்தலாமா?
– வாசகர், ராமேஸ்வரம்

பதில்: தாராளமாக. மண்டபம் பக்கம் 'பெப்சி பாசி' என்கிறார்களே, அதுதான் இது. ஆனால் எடுக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஒடிந்து விழும் ஒவ்வொரு துண்டும் மறுபடி தழைக்கும். அதனால் பிய்த்து இழுக்கவே கூடாது. பவளத்தில் ஒட்டிய அடிப்பாகம் வரை கையால் கழற்றி, நீருக்குள்ளேயே சிறுகண் வலைப்பையில் போட வேண்டும். தீவு தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியோடுதான் இறங்கலாம்.

கரைக்கு வந்ததும் கடல்நீரிலேயே அலசுங்கள். நன்னீரில் ஊறினால் பொட்டாசியம் கரைந்து போய்விடும். பாசியின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான் என்பதால் அன்றே அரைத்துத் துணியில் பிழிந்தால் சாறு நிறையக் கிடைக்கும். மறுநாளைக்கு வைத்தால் கொழகொழத்து நாறும். பிழிந்த சாறும் சீக்கிரம் புளித்து நுரைத்துவிடும், உடனே தெளித்துவிடுங்கள். 10 லிட்டர் டேங்கில் அரை லிட்டர் சாறு, மீதி தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு இலைமேல். முதலில் நாலைந்து செடிக்கு மட்டும் தெளித்துப் பாருங்கள். இலை ஓரம் கருகினால் சாற்றின் அளவு கூடிவிட்டது. சாற்றில் சோடியமும் உண்டு, உவர் நிலத்தில் வேரில் ஊற்ற வேண்டாம்.

பிழிந்த சக்கையைக் கொட்டிவிடாதீர்கள். ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக்கும் கராஜீனன் அதில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் அதைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சுமார் 2 மணி நேரம், 75–80 டிகிரி சூட்டில் வேகவைப்பார்கள். கராஜீனனில் உள்ள சல்ஃபேட்டில் ஒரு பகுதி நீங்கி, கூழ் உறுதிப்படும். பொட்டாசியம்தான் கராஜீனனைக் கரையவிடாமல் உள்ளேயே பிடித்துவைக்கிறது. மலிவு என்று பொட்டாசியம் இல்லாத காஸ்டிக் சோடாவுக்கு மாறினால் சரக்கு தண்ணீரோடு கரைந்து போகும். இரண்டுமே தோலைப் பொத்துவிடும் காரங்கள், வீட்டில் முயல வேண்டாம்.

கேள்வி: காயவைத்த பாசியில் வெள்ளையாகப் பூக்கிறது. பூஞ்சையா?
– வாசகர், தொண்டி

பதில்: விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் பொட்டாசியம் குளோரைடு உப்பு, உதறினால் போதும். நூல் நூலாக இழைந்தால் பூஞ்சை, அதைத் தனியே ஒதுக்குங்கள். மணலில் பரப்பாமல், தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைமேல் காயவையுங்கள். ஒட்டிய மணலுக்கு வியாபாரி எடையில் கழிப்பார். தூறல் விழுந்தால் உடனே தார்ப்பாயால் மூடுங்கள். ஒரு மழை நனைந்தாலே உப்பு வடிந்து, பாசி வெளுத்து, விலை இறங்கிவிடும்.