வீட்டிலேயே டி-சர்ட் பிரிண்டிங்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் வசிக்கிறேன். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் மாதம் 28,000 ரூபாய் சம்பளம். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகும் குழு ஒன்றுக்கு வீட்டிலேயே 60 டி-சர்ட் அச்சடித்துக் கொடுத்தேன். ரேடியம் ஸ்டிக்கர் கடையில் 150 ரூபாய்க்கு வேல் படமும் எழுத்தும் வினைலில் வெட்டி வாங்கி, ஸ்கிரீனின் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணி) அடியில் ஒட்டி அச்சடித்தேன். திருப்பூரிலிருந்து 130 ரூபாய்க்கு வந்த சட்டையை 220 ரூபாய்க்குக் கொடுத்தேன். சட்டைக்கு 90 ரூபாய் லாபம். நான்கு சட்டைகள் வீணாயின. வினைல், மை, ஸ்கிரீன் எல்லாம் சேர்த்து 1,100 ரூபாயும் பார்சலுக்கு 240 ரூபாயும் ஆயின. நாத்தனார் மூன்று நாள் உதவினார். இப்போது மாதம் நான்கு ஆர்டராவது வருகிறது.

நகையை அடகு வைத்து 2 லட்சம் வாங்கலாம் என்றிருக்கிறேன். வினைல் வெட்டும் மெஷின் 32,000, ஹீட் பிரஸ் (சூடாக அழுத்தும் மெஷின்) 18,000, நான்கு கலர் பிரிண்டிங் டேபிள் 45,000, 500 சட்டைகள் 65,000, மையும் ஸ்கிரீனும் 15,000, முகப்பைச் சரிசெய்து போர்டு வைக்க 25,000. வைகாசியில் 30,000 ரூபாய் சீட்டுப் பணம் வரும். ரசிகர் மன்றம் ஒன்று நடிகர் முகம் போட்ட 200 சட்டைகள் கேட்கிறது. என்ன செய்யலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தொழிலைத் தொடருங்கள், நகையைத் தொடாதீர்கள். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அந்த 90 ரூபாயை முதலில் பார்ப்போம். 60 சட்டைகளுக்கு 13,200 ரூபாய் வந்தது. நீங்கள் வாங்கியதோ 64 சட்டைகள், அதற்கு 8,320. வினைல், மை, ஸ்கிரீன் 1,100, பார்சல் 240. மொத்தச் செலவு 9,660 போக 3,540 ரூபாய் மிச்சம். ஆக, சட்டைக்கு 90 அல்ல, 59. நீங்களும் நாத்தனாரும் உழைத்த மூன்று நாளுக்கு ஆளுக்கு 400 ரூபாய் கூலி வைத்தால் 2,400 போய்விடுகிறது. மீதி 1,140. சட்டைக்கு 19 ரூபாய். நாத்தனார் கூலி கேட்கவில்லை என்பீர்கள். அவர் ஒரு மாதம் வர முடியாமல் போனால் வெளி ஆள் கேட்பாரே. செட்டிநாட்டு வணிகர்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்திலெல்லாம் ஐந்தொகை (வரவு, செலவு, இருப்புக் கணக்கு) எழுதி, சல்லிக்காசுக்கும் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு கூலியைக் கணக்கில் விடலாமா?

இப்போது கடனைப் பாருங்கள். 2 லட்சத்துக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாதம் 2,000 ரூபாய். வங்கியில் சற்றுக் குறையலாம். அடகுக் கடையில் ஒன்றரை, இரண்டு ரூபாய் வரை போகும். சட்டைக்கு 19 ரூபாய் நின்றால், மாதம் 106 சட்டைகள் வட்டிக்கு மட்டும் அச்சடிக்க வேண்டும். அசல் அப்படியே நிற்கும்.

உங்கள் பட்டியலில் நான் முதலில் அடிப்பது வினைல் வெட்டும் மெஷினை. கடையில் ஒரு டிசைன் வெட்ட 150 ரூபாய்தான் ஆகிறது. 32,000 ரூபாய் மெஷின் அந்தச் செலவை ஈடுகட்ட 213 டிசைன்கள் வெட்ட வேண்டும். மாதம் நான்கு டிசைன் என்றால் நாலரை ஆண்டு ஓடிவிடும். வினைல் ரோலும் பிளேடும் தனிச் செலவு. அதுவரை அந்த மெஷினை ஸ்டிக்கர் கடைக்காரர் வைத்திருக்கட்டும். அவருக்கு வண்டி நம்பர் பிளேட் வேலை இருக்கிறது.

நான்கு கலர் டேபிளும் இப்போது வேண்டாம். ஒன்று, இரண்டு நிறத்தில் தடித்த எழுத்து, பெரிய உருவம் என்றால் வினைல் நன்றாக வேலை செய்யும். முகத்தின் நிழல், நிறம் மங்கிக்கொண்டே போகும் இடங்கள் அதற்கு வராது. தண்ணீர் கலந்த மையில் சில டஜன் சட்டைகள் போனதும் ஓரம் மெல்ல உரியத் தொடங்கும். உரித்த வினைலை மறுபடி ஒட்ட முடியாது. அடுத்த ஆண்டு அதே குழு வந்தால் மறுபடி வெட்ட வேண்டும். வருடா வருடம் ஒரே டிசைன் கேட்கும் பள்ளிக்கூடமோ பாதயாத்திரைக் குழுவோ நிலையாக அமைந்தால், எமல்ஷன் (வெளிச்சம் பட்டால் இறுகும் பூச்சு) பூசி, டிசைன் அச்சான ஃபிலிம் வைத்து வெளிச்சம் காட்டித் தயாரிக்கும் ஸ்கிரீனுக்கு மாறுங்கள். அதற்கு இருட்டறையும் பழக்கமும் வேண்டும். ஆனால் ஒரே ஸ்கிரீன் நூற்றுக்கணக்கான சட்டைகளுக்குத் தாங்கும், கழுவி எடுத்து வைத்து அடுத்த ஆண்டும் பயன்படுத்தலாம். குறைந்த எண்ணிக்கைக்கு வினைல், திரும்ப வரும் ஆர்டருக்கு எமல்ஷன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஹீட் பிரஸ் மட்டும் வாங்குங்கள். பைண்டர் (நிறத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் பசை) கலந்த பிக்மென்ட் மை துணியில் நிலைக்க, காய்ந்த பின் 150 டிகிரி அளவில் சில நிமிடம் சூடு வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் ஓர் இடம் தீய்ந்து, இன்னோர் இடம் பச்சையாக நிற்கும். இரண்டாவது துவைப்பில் வேல் கரைந்து வெளுத்தால், அந்தக் குழு அடுத்த தைப்பூசத்துக்கு உங்களிடம் வராது. ஒவ்வொரு புது மைக்கும் ஒரு சட்டையை ஐந்து முறை துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டரைக் கொடுக்க வேண்டும்.

வீணான நான்கு சட்டைகளுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர் வெயிலில் தண்ணீர் மை ஸ்கிரீன் கண்களிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். பாதி எழுத்து விழாது. அச்சடிப்பதை விடியற்காலையில் வீட்டின் நிழலான உட்பகுதியில் வைத்துக்கொண்டு, காயப்போட மட்டும் வளவு முற்றத்தைப் பயன்படுத்துங்கள். தரையில் தார்ப்பாய் விரிக்க மறக்காதீர்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் சாயம் சொட்டினால் மாமியாரிடம் விழும் ஏச்சுக்கு எந்த இன்ஷூரன்ஸ் நிறுவனமும் பாலிசி தருவதில்லை.

500 சட்டைகளை முன்கூட்டியே வாங்குவது பட்டியலில் மிக ஆபத்தான வரி. எல் அளவு தீர்ந்து, எஸ் அளவு 90 சட்டைகள் அலமாரியில் கிடக்கும். அவற்றுக்கும் வட்டி ஓடும். ஆர்டரோடு 60 சதவீதம் முன்பணம் வாங்குங்கள். 220 ரூபாய் சட்டைக்கு அது 132 ரூபாய். திருப்பூர் சட்டையின் விலை அதிலேயே அடங்கிவிடுகிறது. முன்பணம் தர மறுப்பவர் மீதிப் பணத்துக்கும் அலைய வைப்பார் என்பது என் அனுபவம்.

விலையிலும் ஒரு திருத்தம். வினைல் வெட்ட 150, வேண்டாத துண்டுகளை ஊசியால் உரித்தெடுத்து ஸ்கிரீனில் ஒட்டும் அரை நாளுக்கு 200, ஆக டிசைனுக்கு 350 ரூபாய். 60 சட்டைகளில் அது தலைக்கு 6 ரூபாய். 10 சட்டைகளில் 35 ரூபாய். இரண்டு ஆர்டருக்கும் 220 ரூபாய் என்று சொன்னால் சின்ன ஆர்டர் ஒவ்வொன்றிலும் கையை விட்டுத்தான் போடுவீர்கள். டிசைன் கட்டணம் 350 என்று தனியாகச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு சட்டை விலையைச் சொல்லுங்கள்.

ரசிகர் மன்றத்தின் 200 சட்டைகளை விட்டுவிடுங்கள். முகம் வினைலில் வராது என்பது ஒரு பக்கம். அந்தப் படத்தின் காப்புரிமை வேறொருவருடையது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவில், தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கிரிக்கெட் அணிகளின் சின்னங்களுக்கும் இதே எச்சரிக்கை.

அதற்குப் பதிலாக ஒரு யோசனை. ஆத்தங்குடிக் கல்லின் பூ வடிவங்களைக் கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடி மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமென்டை ஊற்றுகிறார்கள். நிறத்துக்கும் நிறத்துக்கும் நடுவே கலப்பில்லாத, தடித்த வடிவம். வினைலுக்கு இதைவிடத் தோதான டிசைன் கிடையாது. பழைய வடிவமாகப் பார்த்து நீங்களே வரைந்து, காடாத் துணிப்பையில் ஒரு நிறத்தில் அடியுங்கள். பைக்கு எஸ், எல் என்ற அளவுத் தொல்லை இல்லை, அதனால் தேங்காது. கானாடுகாத்தானில் வந்து தங்கும் சுற்றுலாப் பயணிகள் வாங்குவார்கள். ஹோட்டல்கள் பெரும்பாலும் விற்ற பிறகுதான் பணம் தரும். ஆகவே ஓர் இடத்துக்கு 20 பைக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பணம் எங்கிருந்து? சீட்டுப் பணம் 30,000. ஹீட் பிரஸ் 18,000, இரண்டு ஸ்கிரீனும் மையும் 5,000, மீதி 7,000 கைமுதல். முன்பணத்தில் சட்டை வாங்கினால் இது போதும். முகப்புக்கும் போர்டுக்கும் ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். பாதயாத்திரைக் குழு போர்டைப் பார்த்தா வந்தது? தொடர்ந்து ஆறு மாதம் கூலி போக மாதம் 5,000 ரூபாய் நின்றால் கடனை யோசிக்கலாம். அப்போதும் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிஷு பிரிவு முதலில். 50,000 ரூபாய் வரை, ஈடு கேட்காமல் தர வேண்டிய கடன் அது. நகைக்கடன் தவிர வழியில்லை என்ற நிலை வந்தால், வங்கியில் வையுங்கள். திருப்பும் தேதி பங்குனி உத்திரத்தை ஒட்டி வரும்படி பாருங்கள். தை முதல் பங்குனி வரைதான் உங்கள் கையில் பணம் புழங்கும். ஆடியில் தவணை முடிந்தால் ஏல நோட்டீஸ்தான் வரும்.

பள்ளிக்கூட ஆர்டர்களில் பணம் இழுக்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பள்ளியின் மீது நீங்கள் புகார் கொடுக்கப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும், தாளாளருக்கும் தெரியும். இருந்தாலும் பில்லில் உத்யம் (குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) எண்ணைப் போட்டு, 45 நாள் என்று அச்சடித்திருந்தால் கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கும். ஜிஎஸ்டி பதிவைப் பற்றி இந்த அளவு விற்பனைக்கு இப்போது கவலைப்பட வேண்டியதில்லை. உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது. செய்து தருகிறேன் என்று யாராவது 1,500 ரூபாய் கேட்டால், அந்தப் பணத்துக்கு மை வாங்கிக்கொள்ளுங்கள்.