உப்புக் காற்றில் தகடு துருப்பிடிக்குமா?

வலி பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து, ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அம்மா, எனக்குச் சொந்த ஊர் ஏற்காடு. சில வருடங்களுக்கு முன் மலைப்பாதை வளைவில் பைக் சறுக்கி, வலது கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. தகடும் ஸ்குருவும் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்கிறது எக்ஸ்ரே. இப்போது மலேசியாவில் லங்காவி பக்கம், நண்பருடன் ஒரு பாய்மரப் படகிலேயே குடியிருக்கிறேன். கடலில் ஓடும்போது கால் எப்படியோ தாங்குகிறது. கரை சேர்ந்த மறுநாள் ஊன்ற முடிவதில்லை. படகில் பாரோமீட்டர் இறங்குவதற்கு முன்பே மழை வரப்போவதைக் கால் சொல்லிவிடுகிறது. உப்புக் காற்றில் தகடு துருப்பிடித்திருக்குமோ என்று வீட்டில் பயம். பொங்கலுக்கு வந்தபோது, "படகும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மேலே வந்து மிளகுத் தோட்டத்தைப் பாரு" என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: தம்பி, கடிதம் கிடைத்ததும் போனில் பிடித்து உங்களைக் குடைந்துவிட்டேன். நான் ஏறிய ஒரே படகு ஏற்காடு ஏரியில் மிதிக்கிற படகுதான். அதனால் எங்கே படுக்கிறீர்கள், உள்ளே இறங்கும் படி எவ்வளவு செங்குத்து, காலில் என்ன போடுகிறீர்கள் என்றெல்லாம் கேட்காமல் பதில் எழுத முடியவில்லை.

முதலில் துரு. சேலத்துக்காரருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. எலும்புக்கு வைக்கும் தகடு ஒன்று டைட்டானியம், இல்லாவிட்டால் 316எல் வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அதில் குரோமியம், நிக்கல் தவிர 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினமும் உண்டு. உப்புத் தண்ணீரைத் தாங்குவது அதனால்தான். உங்கள் படகில் கயிறு மாட்டும் கொக்கிகள், ஓரக் கம்பிகள் பலவும் இதே குடும்பம். காலுக்குள் இருப்பது இன்னும் சுத்தமாக உருக்கியது. தவிர, வெளியே வீசும் காற்றுக்கும் தோலுக்கு அடியில் இருக்கும் தகட்டுக்கும் சம்பந்தமே இல்லை; உள்ளே ஓடும் ரத்தமே உப்புத்தான். வீட்டில் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒன்று. கணுக்கால் பக்கம் சதை குறைவு. ஸ்குருவின் தலை தோலை ஒட்டி நின்றால், பூட்ஸ் உரசும்போதெல்லாம் சுருக்கென்று குத்தும். விரலால் ஒரே புள்ளியைத் தொட்டு "இங்கேதான்" என்று காட்ட முடிகிறது என்றால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது எலும்பு டாக்டரிடம் தகட்டை எடுத்துவிடலாமா என்று கேளுங்கள். எடுத்த பிறகு ஸ்குரு இருந்த ஓட்டைகள் நிரம்பும்வரை குதிக்கக்கூடாது. படகில் அது நடக்காத காரியம், அதனால் கடல் பயணம் இல்லாத மாதங்களாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாரோமீட்டர். மழை, காற்றழுத்தம், பழைய வலி பற்றிய கேள்வி என் கிளினிக்கில் அப்போது தினமும் வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2019-இல் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டது. ஈரப்பதம், அழுத்தம், காற்று ஆகியவற்றுக்கும் வலிக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறிய தொடர்புதான் என்று அதில் தெரிந்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறினால் உயரம் 1,200 மீட்டருக்கு மேல் கூடுகிறது, காற்றழுத்தம் நூறு மில்லிபாருக்கு மேல் குறைகிறது. சாதாரணப் புயல் எதுவும் அவ்வளவு இறக்காது. அழுத்தம் மட்டுமே காரணமென்றால் இருபதாவது கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் பாதிப் பேர் அலற வேண்டும். உங்களுக்கு அப்படி வலித்ததா என்று கேட்டேன், இல்லை என்றீர்கள்.

மழைக்கு முன் படகில் என்னதான் நடக்கிறது? பாயைச் சுருக்குகிறீர்கள், ஜன்னல்களை அடைக்கிறீர்கள், நனைகிறீர்கள், படகு துள்ளுகிறது, தூக்கம் கெடுகிறது. வலிக்கிறது. இந்த இடத்தில்தான் எனக்கு உங்கள் பிரச்சினை பிடிபட்டது. கரையில் இருப்பவன் உட்கார்ந்தால் கால் ஓய்வெடுக்கும். ஆடும் படகில் உட்கார்ந்திருந்தாலும், படுத்திருந்தாலும், விழாமல் இருக்கக் கால் உதைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் காலுக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. கூடவே ஆளுக்கு மூன்று மணி நேரம் என்று இரவுக் காவல். தூக்கம் உடைந்தால் அதே வலி கூடுதலாகத் தெரியும். நரம்பின் குணம் அது.

ஆகவே முதல் வேலை படுக்கை. படகின் முன்முனையில் படுப்பதாகச் சொன்னீர்கள். ஆட்டம் அதிகமாகத் தூக்கியடிப்பது அங்கேதான். கடலில் ஓடும் இரவுகளில் நடுப்பகுதியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கும் பெர்த்துக்கு மாறுங்கள். ஓரத்தில் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டிவிட்டால் உருண்டு விழும் பயம் போகும், காலும் உதைப்பதை நிறுத்தும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை.

இரண்டாவது, சாய்வு. காற்று இடப்பக்கமிருந்து வந்தால் படகு வலப்பக்கம் சாய்ந்து ஓடும். நின்றால் எடை முழுக்க உங்கள் வலது காலில். அந்த மணிநேரங்களில் சுக்கான் பிடிக்க நண்பரை விடுங்கள், அல்லது உட்கார்ந்து பிடியுங்கள். பாதம் பதிய ஆப்பு வடிவில் ஒரு மரக்கட்டையைத் தளத்தில் பொருத்தினால் கணுக்கால் கோணலாகத் திருகாது. உள்ளே இறங்கும்போது படியைப் பார்த்தபடி, முதுகு காட்டி, வலிக்கிற காலை முதலில் வையுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில். வெறுங்காலோடு ஓடித் திரிவது அழகாக இருக்கலாம், உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்ட "மறுநாள்". கரை சேர்ந்த அன்றே ஊர் சுற்றப் போய்விடுகிறீர்கள், இல்லையா? உழைத்து முடித்த காலை மறுபடி மேட்டிலும் கான்கிரீட்டிலும் நடக்க விடுகிறீர்கள். முதல் நாள் தூங்குங்கள். மறுநாள் நங்கூரமிட்ட இடத்திலேயே நீச்சல், பிடிமானத்தோடு குதிகால் தூக்கி இறக்குவது. அதற்கு அடுத்த நாள் ஊரைப் பாருங்கள். வெந்நீர் ஒத்தடத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சிரித்தீர்கள். ரப்பர் பையில் ஊற்றும் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை. அதையே மறுநாளும் சூடாக்கி ஊற்றலாம்.

மாத்திரையில் கவனம். வெயில், வாந்தி, குறைவான தண்ணீர் ஆகிய மூன்றும் சேர்ந்த நாளில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பாராசிட்டமால் 650 என்றால் 24 மணி நேரத்தில் ஆறுக்கு மேல் கூடாது, குடித்த நாளில் அதுவும் வேண்டாம். டிரமடால் என்ற வலி மாத்திரை தூக்கம் தரும். இரவுக் காவலுக்கு அது ஆகாது. இந்தியாவில் 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. டாக்டர் சீட்டு இல்லாமல் அதை எடுத்துக்கொண்டு நாடு விட்டு நாடு போகவே போகாதீர்கள். தகடு இருக்கும் இடம் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கினாலோ, மாத்திரை தேடாமல் கரை தேடுங்கள்.

படகை விட வேண்டுமா? அபிலாஷ் டோமி என்ற இந்தியப் பாய்மரப் படகோட்டி 2018-இல் கோல்டன் குளோப் போட்டியின்போது, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் முதுகெலும்பு நொறுங்கி மீட்கப்பட்டார். டைட்டானியம் கம்பிகள் வைத்த முதுகோடு மறுபடி அதே போட்டிக்குப் போய், 2023-இல் தனியாளாக உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தார். அவர் கடற்படை விமானியாக இருந்தவர், பயிற்சி வேறு. உங்களை அப்படிப் போகச் சொல்லவில்லை. உலோகம் வைத்த உடம்பு கடலுக்கு லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் அம்மாவிடம் நான் பேசத் தயார். சரிவில் நின்று, சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணி சாய்த்து மிளகு பறிக்கிற வேலை, இந்தக் கணுக்காலுக்குப் படகைவிட லேசு என்று அவருக்கு யார் சொன்னது?

கேள்வி: மலை ஏறும்போது சும்மா இருக்கும் முட்டி, இறங்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது? முன்பு அதே முட்டியில் அடிபட்டிருக்கிறது. — நாகலூர் வாசகி

பதில்: இறங்கும்போது உங்கள் எடையைத் தொடைச் சதை நீண்டுகொண்டே தாங்குகிறது, முட்டிச்சில்லின் மேல் அழுத்தம் கூடுகிறது. நேராக இறங்காமல் குறுக்கும் நெடுக்குமாக, சின்ன அடியாக இறங்குங்கள். வலிக்கிற பக்கத்துக்கு எதிர்க் கையில் காப்பி மரத்து ஊன்றுகோல் ஒன்று. தலைச்சுமையை ஒரே நடையில் கொண்டுவராமல் இரண்டு நடையாக்குங்கள் அம்மா.